புதன்கிழமை பேர் வாசிப்பு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தேதி, மணி, நிமிடம் எல்லாம் என் போனில் குறித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி 'கேபிள் எபின்' வீடு எது என்று கேட்டால் போதும், யாரும் காட்டித் தருவார்கள். அடுத்த வாரத்துக்குள் வந்தால் நானே வாயால் சொல்லுவேன். அதற்குப் பிறகு வந்தால்... முடியும் என்று தோன்றவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

என் தொழில் வீடுகளுக்கு நெட் இணைப்பு கொடுப்பது. இங்கிருந்து பெருங்கடவிளை வரை எந்தப் போஸ்டில் எந்த ஒயர் தொங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம். மழை தூறினால் போதும், நெட் போச்சு என்று பத்துப் பேர் கூப்பிடுவார்கள். திட்டிக்கொண்டே போய்ச் சரி செய்வேன். சிக்னல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தத் திமிரோடு இருந்தவன்தான்.

என் அம்மா செல்லபாய். போன அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தோழி ரத்னபாயின் அடக்கத்துக்குப் போய்வந்த ஆறாம் நாள், புதன்கிழமை, பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றாள். அவ்வளவுதான். பிறகு எட்டு மாதமாக ஒரு சொல் கிடையாது. வாய் ஓயாமல் பேசுகிற மனுஷி, கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது. அம்மா ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கேட்டால் போதும் என்று இருந்தது.

நெய்யாற்றின்கரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறார். பழகிய குரல்கள், பாட்டு, ஜெபம் எதையாவது காதில் விழ வைத்துக்கொண்டே இருங்கள் என்றார். இதைக் கேட்டதும் சார்ஜாவில் இருக்கும் என் தங்கை ரெஜிலா, ஊருக்கு வந்த ஆள் கையில் ஒரு இன்டர்நெட் ரேடியோவைக் கொடுத்துவிட்டாள்.

நல்ல சாமான். எஃப்எம் உண்டு, ப்ளூடூத் உண்டு, பென்டிரைவ் சொருகலாம், அலாரம் வைக்கலாம், நெட்டில் உலகத்தில் உள்ள எந்த ஸ்டேஷனையும் பிடிக்கலாம். ஜூன் ஒன்றாம் தேதி, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தேன். வைஃபை பாஸ்வேர்டை ஒற்றைக் குமிழைத் திருகித் திருகி ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டும். ஒரு எழுத்து தாண்டிப் போனால் மறுபடி சுற்ற வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் நெட் குடுக்க ஆளு, சொந்த வீட்டு பாஸ்வேர்டு போட அரை மணிக்கூறு" என்றாள் என் மனைவி பின்சி.

"எடி, நீ போய் சோறு வெளம்பு."

பிடித்த ஸ்டேஷன்களுக்கு எண் போட்டு வைக்க அதில் பத்து இடம் உண்டு. ஒன்றில் தமிழ்ப் பாட்டு, இரண்டில் மலையாளச் செய்தி, மூன்றில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள். நான்கிலிருந்து எல்லாம் காலி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவை அம்மாவின் தலைமாட்டில் ஸ்டூலில் வைத்தேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். புது சாமான் என்றால் அவளுக்கு எப்போதும் ஒரு இளக்காரம். அப்படித்தான் நினைத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகை எடுக்கும்போது 'ஆஜர்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேர் வாசித்ததும் அவரவர் ஒரு வேத வசனம் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிடுவார்கள். உடம்பு சரியில்லாதவளுக்குப் பதிலாக வேறொருத்தி வசனம் சொல்லலாம். சொன்னவள் பேரையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அம்மா அந்த ஐக்கியத்தில் முப்பது வருஷம் இருந்தவள். அவள் எப்போதும் சொல்வது ஒரே வசனம். என் மகள் அக்சாவுக்கு ஏழு வயது. அவள்கூட அதை மனப்பாடமாகச் சொல்லுவாள். அக்சா வசனம் சொல்லியே சண்டே ஸ்கூலில் மூன்று பரிசு வாங்கியவள்.

ஜூன் நான்கு, புதன். வெளியே நல்ல மழை. நான் சாப்பிட்டுவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பாட்டில் நின்றது.

மணி 3.07.

பெஞ்சு இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு ஒரு பெண் குரல், சளி கட்டியதுபோல, பேர் வாசிக்கத் தொடங்கியது. ஒரு பேர். ஒரு வசனம். அடுத்த பேர். அடுத்த வசனம்.

ரேடியோ முகப்பைப் பார்த்தேன். எண் 4 என்று காட்டியது. ஸ்டேஷன் பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதன் கீழே வேகம்... 0 கேபிபிஎஸ்.

டேட்டாவே வராமல் சத்தம் எப்படி வரும்? மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"செல்லபாய்" என்றது குரல்.

வசனம் வரவில்லை.

"செல்லபாய்..."

"செல்லபாய்..."

நோட்டை மூடும் சத்தம். கீர்த்தனை விட்ட இடத்திலிருந்து ஓடியது.

நான் சிரித்துவிட்டேன். இங்கிருந்து மார்த்தாண்டம் வரை சபைக்கு இரண்டு செல்லபாய் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு எல்லாச் சபைகளும் நெட்டில் ஏறிவிட்டன. இதுவும் ஏதோ ஒன்று. இங்கே கொட்டும் மழை, அங்கே மழைச் சத்தமே இல்லை. தூரத்துச் சபையாக இருக்கும்.

ஆனால் பின்சி என் கையைப் பிடித்தாள். "இஞ்ச பாருங்க... மாமியைப் பாருங்க."

அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. கண்ணில் தண்ணீர். இடது கை மெத்தையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. உடனே நெய்யாற்றின்கரைக்குப் போன் போட்டேன். "நல்ல லட்சணமாணு. அதுதன்னே கேள்ப்பிச்சோ" என்றார் அந்தப் பெண். நல்ல அறிகுறி, அதையே போட்டுக் காட்டச் சொன்னார்.

நான்காம் எண்ணை அழுத்திப் பார்த்தேன். 'காலி' என்றது.

அடுத்த புதன், ஜூன் பதினொன்று. மதியத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மூன்று மணிக்கே நானும் பின்சியும் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டோம். அக்சா பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

3.07. பாட்டு நின்றது. பெஞ்சு. இருமல். பேர்கள்.

"செல்லபாய்."

அம்மா தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"சொல்லம்மா, சொல்லு" என்றேன்.

"செல்லபாய்..."

இடைவெளி எவ்வளவு என்று போனில் பார்த்தேன். நாற்பது வினாடி. ரேடியோவில் நாற்பது வினாடி யாரும் சும்மா விடமாட்டார்கள். யாரோ காத்திருப்பதுபோல இருந்தது.

"செல்லபாய்..."

"பாவம், மாமிக்குப் பதிலா நான் சொல்லுதேன்" என்றாள் பின்சி. சட்டென்று அம்மாவின் வசனத்தைச் சொல்லிவிட்டாள்.

அம்மா இடது கையை உயர்த்தி பின்சியின் வாயில் வைத்தாள். உதட்டின் மேல் உள்ளங்கை. எட்டு மாதமாக யாரையும் தேடித் தொடாத கை. மருமகளைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்து இரண்டு பேரும் அழுதோம். கடவுளே, அப்படித்தான் நினைத்தோம்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்டல் செய்தேன். "எடி, மைக்கே இல்லாத பெட்டிக்கு பதில் சொல்லுதியா? உனக்கு கிறுக்காக்கும்."

அப்போது ரேடியோ கேட்டது.

"யாரு சொன்னது?"

பின்சி கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, "பின்சி" என்றாள்.

பேனா காகிதத்தில் கீறும் சத்தம்... ஒரு தடவை.

நோட்டு மூடியது.

அன்று சாயங்காலம் ரூட்டரின் பதிவைத் திறந்து பார்த்தேன். 3.07 முதல் 3.12 வரை அந்த ரேடியோ ஒரு துளி டேட்டாகூட எடுக்கவில்லை. பின்சியிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் ஏதோ முன்னேற்றம் தெரிகிறது, அதை நானே ஏன் கெடுக்க வேண்டும்? அந்த ஆசைதான் என் கண்ணை மறைத்தது.

ஜூன் பதினெட்டு, புதன். மதியம் 1.40-க்கு உதியன்குளங்கரையில் ஒரு லாரி போஸ்டில் இடித்துவிட்டது. எங்கள் பகுதிக்கு வரும் கேபிள் மொத்தமாக அறுந்தது. எங்கள் வீட்டு ஒயரும் அதில்தான். நான் ஏணியில் நின்று அறுந்த முனையை ஒரு கையில் பிடித்திருந்தேன். போன் அடித்தது.

பின்சி.

"நெட் இல்ல. மொபைலிலயும் இல்ல. ஆனா ரேடியோ ஓடுது. பேர் வாசிக்கா."

மணி பார்த்தேன். 3.08.

கையில் இருந்த ஒயரைப் பார்த்தேன். சிக்னல் வரும் கண்ணாடி நூல்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"போனை ரேடியோகிட்ட வையி."

வைத்தாள். தெளிவாகக் கேட்டது.

"செல்லபாய்."

"இஞ்ச... மாமி என்னையே பாக்கா. நான் சொல்லட்டா?"

"வேண்டாம். அம்ம தானா சொல்லட்டும்."

"செல்லபாய்..."

கையிலிருந்த ஒயரை விட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்லபாய்..."

அப்போது கேட்டேன். அம்மாவின் குரல். எட்டு மாதத்துக்கு முந்தைய அம்மா. திக்கவில்லை, குழறவில்லை. தன் வசனத்தை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள்.

பிறகு பெஞ்சு நகரும் சத்தம். புதிதாக ஒருத்தி வந்தால் நெருங்கி உட்கார்ந்து இடம் விடுவார்களே... அந்தச் சத்தம்.

பின்சியின் போன் கீழே விழுந்தது.

நான் ஏணியிலிருந்து இறங்கி, டீக்கடையில் நின்றவர்களிடம் "எனக்க அம்ம பேசிட்டா, அம்ம பேசிட்டா" என்று கத்தினேன். அழுதுகொண்டே பைக்கை எடுத்தேன். வீட்டுக்குப் போனபோது 3.26.

அம்மா இறந்து கிடந்தாள்.

பின்சி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "மாமி பேசல்ல" என்றாள். "வாய் தெறக்கவே இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"நான் கேட்டேனே பின்சி. அம்மைக்க சத்தம்."

"அது ரேடியோவுக்க உள்ளேந்தாக்கும் வந்தது."

அடக்கம் முடிந்தது. ரெஜிலா வந்து, அழுது, போனாள். ரேடியோவைப் பின்பக்கக் கல்லில் போட்டு உடைத்தேன். துண்டுகளைக் கிணற்றடியில் புதைத்தேன்.

ஜூன் இருபத்தைந்து, புதன். வேலையில் இருந்தேன். பின்சி போனில் பேசிக்கொண்டிருந்தாள். வரும்போது அக்சாவுக்கு ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னாள்.

"கோடு போட்டது, மறந்துராம..."

நின்றது.

"பின்சி?"

மூச்சு மட்டும் கேட்டது. மணி 3.07.

திருவனந்தபுரத்தில் எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று. மூளையில் ஒரு குறையும் இல்லையாம். ஆனால் அவள் வலது பக்கம் அசையவில்லை. பேச்சு இல்லை. அம்மா கிடந்த கட்டிலில்தான் கிடக்கிறாள். வீட்டில் வேறு கட்டில் இல்லை.

அடுத்த புதன் பேர் வாசித்தார்கள். எதிலிருந்து என்று கேட்காதீர்கள். ரேடியோ மண்ணுக்குள் இருந்தது. டிவியைக் கழற்றியிருந்தேன். போனை அணைத்திருந்தேன். ஆனாலும் தலைமாட்டில், அந்த வெறும் ஸ்டூலின் பக்கத்திலிருந்து கேட்டது.

"பின்சி..."

ஜூலையில் ஒருநாள் ரத்னபாயின் மகன் ஜெயதாஸைப் பார்க்கப் போனேன். அவன் அம்மாவும் கடைசியில் பேச்சில்லாமல் கிடந்துதான் செத்தாள் என்பது நினைவுக்கு வந்தது. கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"ஒங்க வீட்டிலயும் ரேடியோ இருந்ததா?"

"இல்ல எபினே. மொபைலில பாட்டு போட்டு வச்சிருந்தோம். ஒரு புதனாழ்ச்ச உனக்க அம்ம பாக்க வந்திருந்தா. அப்பம் பேர் வாசிச்சது. உனக்க அம்மதான் பதிலுக்கு வசனம் சொன்னா."

"பொறவு?"

"யாருன்னு கேட்டது. செல்லபாய்னு பேரு சொன்னா. நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

அடுத்த புதன் ரத்னபாய் இறந்தாள். அதற்கு அடுத்த புதன் என் அம்மா விழுந்தாள்.

அப்போதுதான் அந்தக் கை எனக்குப் புரிந்தது. பின்சியின் உதட்டில் அம்மா வைத்த கை. கொஞ்சவில்லை. பொத்தினாள்.

யாரும் பதில் சொல்லாவிட்டால் பின்சி இப்படியே கிடப்பாள். சொன்னால் அவள் போய்விடுவாள், சொன்னவர் கட்டிலில் விழுவார். இதுதான் கணக்கு. நான் விழுந்தால் அக்சாவுக்கு யார் உண்டு? அதனால் புதன்தோறும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்சி என்னையே பார்ப்பாள். சொல்லிவிடு என்று கெஞ்சும் பார்வை. நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அக்சாவை வெள்ளறடையில் பின்சியின் அக்கா வீட்டில் விட்டேன். அங்கே புதன் 3.07-க்கு பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டு, "அம்மைக்க பேரை விளிக்காவ" என்றாளாம். பயந்து திரும்பக் கூட்டி வந்தேன். பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாமே.

போன புதன், ஆகஸ்ட் இருபது. மழை என்று பள்ளிக்கூடம் விடுமுறை. இரண்டே முக்காலுக்கே கதவைச் சாத்தினேன். அக்சாவை மடியில் வைத்து அவள் வாயைப் பொத்தினேன்.

"மக்கா, ஒண்ணும் பேசாத. என்ன கேட்டாலும் பேசாத."

3.07.

பெஞ்சு. இருமல். பேர்கள்.

ரத்னபாய் என்றது. ஒரு வசனம் வந்தது.

செல்லபாய் என்றது. என் அம்மா சொன்னாள்.

"பின்சி."

மழை மட்டும்.

"பின்சி..."

அக்சாவின் மூச்சு என் விரலில் சூடாகப் பட்டது.

"பின்சி..."

என் உள்ளங்கைக்குள் அவள் உதடு அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. நான் இன்னும் இறுக்கினேன்.

"யாரு சொன்னது?"



"நான்" என்றேன். "நானாக்கும். எபின்... எபின்." வசனத்தையும் சொன்னேன். கத்திச் சொன்னேன்.

பேனா கீறியது.

கொஞ்சம் இடைவெளி.

மறுபடி கீறியது.

நோட்டு மூடியது.

பின்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

இன்று செவ்வாய். நாளை புதன். காலையில் பின்சியைக் குளிப்பாட்டி, தலை வாரி, அவளுக்குப் பிடித்த நீலச் சேலையைக் கட்டிவிட்டேன். அதற்கடுத்த புதன் என் முறை. அதனால்தான் எழுதுகிறேன். ரெஜிலாவை டிக்கெட் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நான் விழுந்தாலும் பிள்ளைக்கு அத்தை இருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை.

சோறு ஊட்டும்போது அக்சாவிடம் கேட்டேன். "மக்கா, அண்ணைக்கு எனக்க கைக்குள்ள வசனமா சொன்ன?"

"ஓ... வசனம் சொன்னேன். பொறவு யாருன்னு கேட்டாவல்லியா?"

"ம்ம்."

"எனக்க பேரையும் சொன்னேன்."

பேனா இரண்டு தடவை கீறியது.